ஹவுஸ்ஃபுல் ஆன பிறகு: வெயிட்டிங் லிஸ்டை உருப்படியாக நடத்துவது எப்படி

'டிக்கெட் தீர்ந்துவிட்டது' என்று அறிவித்த பிறகுதான் போன் விடாமல் அடிக்க ஆரம்பிக்கும். அதுவரை பார்க்கலாம், பார்க்கலாம் என்று இருந்தவர்களுக்கெல்லாம் அன்றைக்குத்தான் ஆசை வரும். 'ஒண்ணே ஒண்ணு கிடைக்குமா?' முதல் தடவை நிகழ்ச்சி நடத்துகிறவர் இந்த நேரத்தில் என்ன செய்வார்? அவசரமாக ஒரு ஃபார்மைத் திறந்து, பெயரையும் நம்பரையும் வாங்கிப் போட்டுக்கொண்டு, மற்ற வேலைகளுக்கு நடுவே அதை மறந்துவிடுவார்.

நானும் அப்படித்தான் செய்தேன். 80 பேர் உட்காரும் ஒரு பயிலரங்கு, வெயிட்டிங் லிஸ்டில் 37 பேர். நிகழ்ச்சி நாளில் திரும்பிப் பார்த்தால் 9 நாற்காலி காலி. கடைசி மூன்று நாளில் ஒவ்வொருவராக 'வர முடியவில்லை' என்று சொல்லியிருந்தார்கள், அப்படித் திரும்பி வந்த இடங்களில் நான்கை அந்த நேரத்தில் யார் போன் செய்தார்களோ அவர்களுக்கே கொடுத்துவிட்டேன், மீதியை யாருக்கும் கொடுக்கவில்லை. பட்டியலில் முதல் ஆளாக இருந்தவர் மறுநாள் அனுப்பிய மெயில் மிகவும் மரியாதையாக இருந்தது, அதுதான் அதிகம் வலித்தது.

ஃபார்ம் போடுவது பத்து நிமிட வேலை. ஒரு டிக்கெட் திரும்பி வந்தால் அடுத்து யார், என்ன, எத்தனை மணிக்குள் செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருப்பதுதான் வெயிட்டிங் லிஸ்ட்.

உண்மையிலேயே தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள்

பட்டியலைத் திறப்பதற்கு முன்னால் உங்கள் விற்பனைக் கணக்கை ஒரு முறை உட்கார்ந்து சரிபாருங்கள். திரையில் பூஜ்யம் என்று காட்டுவதாலேயே அத்தனையும் விற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. யாரோ ஒருவர் பணம் கட்டும் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தால் அவருடைய இடம் சில நிமிடங்களுக்குப் பூட்டப்பட்டிருக்கும், அவர் கட்டாமல் போனால் அது மறுபடி வெளியே வரும். பணம் பாதியில் நின்றுபோய், போகவில்லையோ என்று பயந்து இரண்டாவது தடவை புக் செய்தவர்கள் இருப்பார்கள்: ஒரே பெயர், ஒரே மெயில், ஐந்து நிமிட இடைவெளி. அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு செய்தி அனுப்பிக் கேளுங்கள், பெரும்பாலும் ஒன்றை நன்றியோடு விட்டுக்கொடுப்பார்கள்.

அப்புறம் விருந்தினர், பேச்சாளர், ஸ்பான்சர், தன்னார்வலர் என்று ஒதுக்கி வைத்த இடங்கள். இதில்தான் நிறைய புதையல் கிடக்கும். ஒவ்வொரு ஒதுக்கீட்டுக்கும் ஒரு கடைசித் தேதி வைத்து, 'இந்தத் தேதிக்குள் பெயர் கொடுக்காவிட்டால் பொதுவில் விட்டுவிடுவோம்' என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கான இடங்களை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவற்றுக்கும் கூட வரும் துணைக்கான இடத்துக்கும் தனிப் பட்டியல் வையுங்கள், பொதுப் பட்டியலில் முதலில் இருக்கிறார் என்பதற்காக வேறொருவருக்கு அதைத் தூக்கிக் கொடுத்துவிட வேண்டாம்.

எப்படியும் பத்துப் பேர் வரமாட்டார்கள் என்று கணக்குப் போட்டு, இருக்கும் இடத்தைவிடக் கூடுதலாக விற்கலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். அரங்கத்தின் கொள்ளளவு தீப்பிடித்தால் எல்லாரும் பத்திரமாக வெளியேற முடிய வேண்டும் என்பதையும் பார்த்து நிர்ணயித்தது. அதோடு விளையாட வேண்டாம்.

ஃபார்முக்கு முன்னால் விதி

ஒரு தாளில் ஐந்தாறு வரி எழுதினால் போதும். இடம் வந்தால் யாருக்கு: முதலில் பதிந்தவருக்கா, குலுக்கலிலா? சாதாரண நிகழ்ச்சிக்கு முதலில் வந்தவருக்கு முதலில் என்பதே எல்லாருக்கும் புரியும், சண்டையும் குறைவு. ஆனால் ஃபார்ம் திறந்த இரண்டு நிமிடத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் விழுவார்கள் என்று தெரிந்தால், வேகமான இணையம் வைத்திருப்பவருக்கே எல்லாம் போகும், அங்கே குலுக்கல்தான் நியாயம். எதுவானாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நடுவில் மாற்றினால் நீங்கள் எவ்வளவு நேர்மையாக நடந்திருந்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

அடுத்த விதி, அழைப்பு வந்தவர் எவ்வளவு நேரத்துக்குள் பணம் கட்ட வேண்டும் என்பது. அதற்குக் கீழே தனியாக வருகிறேன். மூன்றாவது, டிக்கெட்டை நண்பருக்கு மாற்றிக் கொடுக்கலாமா? வாங்கியவர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ள முழு சுதந்திரம் கொடுத்தால் உங்கள் பட்டியலுக்கு ஒரு டிக்கெட்கூட வராது, கூடுதல் விலைக்கு விற்கிறவர்களும் நுழைவார்கள். முழுக்கத் தடுத்தால் 'என் அக்காவுக்குக்கூடத் தர முடியாதா' என்று கேட்பார்கள், அதுவும் நியாயமான கேள்விதான். ஒரு குறிப்பிட்ட தேதி வரை பெயர் மாற்றலாம், அதற்குப் பிறகு எங்களிடம்தான் திருப்பித் தர வேண்டும் என்று வைத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் ஓரளவு சமாளிக்கலாம்.

இதோடு ஒட்டியதுதான் பணம் திருப்பித் தரும் விதி. 'எந்தக் காரணத்துக்கும் பணம் திரும்பக் கிடையாது' என்று எழுதிவைத்துவிட்டு வெயிட்டிங் லிஸ்ட் திறப்பதில் அர்த்தமே இல்லை, ஏனென்றால் வரமுடியாதவர் உங்களிடம் அதைச் சொல்ல அவருக்கு ஒரு காரணமும் இல்லை. 'உங்கள் இடத்தைப் பட்டியலில் இருக்கும் ஒருவர் எடுத்துக்கொண்டால் உங்கள் பணம் திரும்ப வரும்' என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் கையில் இருந்து பெரிதாக ஒன்றும் போகாது, காலி நாற்காலியும் குறையும். டைஸ் போன்ற டிக்கெட் செயலிகளில் இதையே ஒரு வசதியாக வைத்திருக்கிறார்கள்: ஹவுஸ்ஃபுல் ஆன நிகழ்ச்சிக்கு வாங்கியவர் டிக்கெட்டைத் திருப்பி விடலாம், அது காத்திருப்பவருக்குப் போகும்.

பட்டியலைத் திறப்பது

நீங்கள் டிக்கெட் விற்கும் தளத்திலேயே வெயிட்டிங் லிஸ்ட் வசதி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். ஈவென்ட்பிரைட், டிக்கெட் டெய்லர் மாதிரியான தளங்களில் இருக்கிறது. இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், தனி ஃபார்ம் வேண்டாம். ஆனால் ஆன் செய்துவிட்டு அப்படியே போய்விடாமல் மூன்று விஷயத்தைப் பாருங்கள். எல்லா வகை டிக்கெட்டும் தீர்ந்தால்தான் பட்டியல் திறக்குமா, ஒரு வகை தீர்ந்தாலேயே திறக்குமா? இடம் வந்தால் அழைப்பு தானாகப் போகுமா, நீங்கள் வந்து பொத்தானை அழுத்த வேண்டுமா? ரத்தான டிக்கெட் பட்டியலுக்குப் போகிறதா, பொது விற்பனைக்குப் போகிறதா? மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்ப்பது. உதவிப் பக்கத்தைப் படித்ததோடு நிற்காமல், பூஜ்ய விலையில் இரண்டே இரண்டு டிக்கெட் கொண்ட ஒரு போலி நிகழ்ச்சியை உருவாக்கி, நீங்களே வாங்கி, நீங்களே ரத்து செய்து பாருங்கள். அரை மணி நேரத்தில் எல்லாம் தெரிந்துவிடும்.

அந்த வசதி இல்லை என்றால் கூகுள் ஃபார்ம்ஸ் போதும். அதை ஒரு ஷீட்டோடு இணைத்துவிட்டால் பதில்கள் அதில் போய் விழும், வந்த நேரத்தை மேலிருந்து கீழாகப் போகும் முதல் பத்தியில் அதுவே பதிந்துவிடும், உங்கள் வரிசைக்கு ஆதாரம் அந்தப் பத்திதான். ஒருவர் ஒரு முறைதான் பதியலாம் என்ற அமைப்பும் உண்டு, ஆனால் அதை வைத்தால் கூகுள் கணக்கில் உள்ளே வந்துதான் நிரப்ப முடியும். வயதானவர்கள் நிறைய வரும் நிகழ்ச்சி என்றால் நான் அதை வைக்கமாட்டேன், இரட்டைப் பதிவுகளைக் கையாலேயே நீக்கிவிடுவேன்.

என்ன கேட்பது? பெயர், மெயில், போன், எந்த வகை டிக்கெட், எத்தனை. கூடவே இரண்டு கேள்வி, இவை இரண்டும் இல்லாத ஃபார்ம் பின்னால் உங்களை அழவைக்கும்: 'கேட்டதைவிடக் குறைவாகக் கிடைத்தால் சம்மதமா?', 'நிகழ்ச்சிக்கு எத்தனை மணி நேரம் முன்னால் சொன்னால் உங்களால் வர முடியும்?' இரண்டாவது கேள்விக்கு 'ஒரு நாள்', 'நான்கு மணி நேரம்', 'ஒரு மணி நேரம்' என்று மூன்று விடை போதும். கடைசி நாள் காலையில் ஒரு இடம் வரும்போது யாரைக் கூப்பிடுவது என்று ஷீட்டில் இந்த விடை இருக்கும் பத்தியே சொல்லிவிடும். பிறந்த தேதி, முகவரி, வேலை எதுவும் வேண்டாம். பணமும் இப்போது வாங்காதீர்கள். கிடைக்காதவர்களுக்குத் திருப்பி அனுப்புவது தனி வேலையாகிவிடும், சில பணப் பரிமாற்றச் சேவைகளில் அதற்கான கட்டணமும் உங்களுக்குத் திரும்ப வராது.

ஷீட்டின் வலது ஓரத்தில் நிலை, அழைத்த நேரம், கெடு, அழைத்தவர் என்று நான்கு பத்தி சேருங்கள். நிலை என்பதில் காத்திருக்கிறார், அழைத்தாயிற்று, வாங்கிவிட்டார், வேண்டாம் என்றார், கெடு முடிந்தது என்ற ஐந்து சொல் தவிர வேறு எதுவும் எழுதக்கூடாது என்று உங்கள் குழுவிடம் கறாராகச் சொல்லுங்கள். 'பேசினேன், யோசித்துச் சொல்வாராம்' என்று யாராவது எழுதி வைப்பார்கள். அப்படி ஒரு நிலை கிடையாது.

பட்டியலுக்கு ஒரு உச்சவரம்பும் வேண்டும். 100 இருக்கை உள்ள நிகழ்ச்சிக்கு 400 பேரைக் காத்திருக்க வைப்பது நானூறு பேருக்குப் பொய் நம்பிக்கை கொடுப்பதுதான். என் பழக்கம், மொத்த இருக்கையில் மூன்றில் ஒரு பங்கு சேர்ந்ததும் ஃபார்மை மூடிவிடுவது. அதற்கு மேலும் கூட்டம் வந்து மோதினால் இரண்டாவது காட்சியோ பெரிய அரங்கமோ பார்க்க வேண்டிய நேரம் அது.

பதிந்ததும் போகும் செய்தி சுருக்கமாக, தெளிவாக இருக்கட்டும்:

'உங்கள் பெயரைக் காத்திருப்போர் பட்டியலில் சேர்த்துவிட்டோம். இது டிக்கெட் அல்ல. இடம் வந்தால் வரிசைப்படி மெயிலிலும் எஸ்எம்எஸ்ஸிலும் சொல்வோம், அதில் குறிப்பிட்ட நேரத்துக்குள் பணம் கட்டினால் இடம் உங்களுக்கு. எங்களிடமிருந்து அழைப்பு வராமல் நேரில் வர வேண்டாம்.'

'இது டிக்கெட் அல்ல' என்ற வரியை எவ்வளவு பெரிய எழுத்தில் போட்டாலும், அந்த மெயிலைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வாசலில் ஒருவர் நிற்பார். ஆனாலும் போடுங்கள்.

ஒரு டிக்கெட் திரும்பி வருகிறது

இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள். ஒருவர் வரமுடியாது என்று எழுதுகிறார், நீங்கள் நல்ல மனதோடு உடனே ரத்து பொத்தானை அழுத்துகிறீர்கள். பல தளங்களில் அந்த நொடியே அந்த இடம் பொதுப் பக்கத்தில் 'ஒன்று மீதி' என்று வந்து நிற்கும், அந்த நேரத்தில் தற்செயலாகப் பக்கத்தைத் திறந்த யாரோ ஒருவர் வாங்கிவிடுவார். மூன்று வாரமாகக் காத்திருப்பவருக்கு நீங்கள் மெயில் எழுதி முடிப்பதற்குள் கதை முடிந்திருக்கும்.

அதனால் வரிசையை மாற்றிச் செய்யுங்கள். முதலில் பொது விற்பனையை மூடுங்கள், அல்லது உங்கள் தளம் அனுமதித்தால் பொது வகை டிக்கெட்டின் மொத்த எண்ணிக்கையை ஒன்று குறையுங்கள். இரண்டாவது, குறியீடு போட்டால் மட்டும் தெரியும்படி ஒரு மறைவான டிக்கெட் வகையை உருவாக்கி (இதை முன்கூட்டியே செய்து வையுங்கள்) அதன் எண்ணிக்கையை ஒன்று கூட்டுங்கள். அதற்குப் பிறகுதான் பழைய டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டும், பழைய கியூஆர் கோட் வாசலில் இனி வேலை செய்யாது என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். பணத்தைத் திருப்பி அனுப்பினால் டிக்கெட்டும் தானாகச் செல்லாமல் போகும் என்று நம்பிவிடாதீர்கள், சில இடங்களில் இரண்டும் தனித்தனிப் பொத்தான். கடைசியாக, பட்டியலில் அடுத்தவருக்கு ஒரு முறை மட்டுமே பயன்படும் குறியீட்டோடு அழைப்பு அனுப்புங்கள். எல்லாருக்கும் ஒரே குறியீடு கொடுத்தால் அது அன்று சாயங்காலமே ஏதோ ஒரு வாட்ஸ்அப் குழுவில் சுற்றும்.

இதோடு ஒரு கணக்கை எப்போதும் கண்முன் வைத்திருங்கள்: விற்றது, இப்போது அழைப்பில் இருப்பது, ஒதுக்கியது, மூன்றையும் கூட்டினால் மொத்த இருக்கையைத் தாண்டக்கூடாது. 120 இருக்கையில் 112 விற்றிருக்கிறது, 5 விருந்தினருக்கு, அப்படியானால் ஒரே நேரத்தில் 3 பேருக்குத்தான் அழைப்பு போகலாம். 'பாதிப் பேர் பதில் சொல்லமாட்டார்கள், 6 பேரை அழைப்போம்' என்று தோன்றும். ஆறு பேரும் அன்றைக்கென்று பார்த்து உடனே பணம் கட்டுவார்கள்.

அழைப்புச் செய்தியில் கெடுவை 'இன்னும் 24 மணி நேரத்தில்' என்று எழுதாதீர்கள். மெயிலை எப்போது பார்த்தாரோ அப்போதிருந்து எண்ணிக்கொள்வார். நாளும் மணியும் போட்டு எழுதுங்கள்:

'உங்களுக்கு 1 இடம் வந்திருக்கிறது. வியாழக்கிழமை மாலை 6 மணி வரை இந்த இடம் உங்கள் பெயரில் இருக்கும். வேண்டும் என்றால் கீழே உள்ள லிங்க்கில் பணம் கட்டுங்கள். வேண்டாம் என்றால் "வேண்டாம்" என்று ஒரு வார்த்தை அனுப்புங்கள், அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவோம்.'

அந்தக் கடைசி வரி சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் வேண்டாம் என்று சொல்ல சுலபமான வழி இருந்தால் ஜனங்கள் சொல்வார்கள், இல்லாவிட்டால் சங்கடப்பட்டுக்கொண்டு பேசாமல் இருப்பார்கள். உங்களுக்கு ஒரு நாள் மிச்சம்.

மெயிலை மட்டும் நம்பாதீர்கள், ஸ்பேமில் போய்க் கிடக்கும். கூடவே ஒரு எஸ்எம்எஸ் அல்லது வாட்ஸ்அப். ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்ப நேர்ந்தால் எல்லா முகவரியும் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி அனுப்பிவிடாதீர்கள். முகவரிகளை மற்றவர்களுக்குக் காட்டாமல் அனுப்ப மெயிலில் பிசிசி என்று ஒன்று இருப்பதை அவசரத்தில் எல்லாரும் மறந்துவிடுகிறோம்.

கெடு எவ்வளவு?

நிகழ்ச்சி நெருங்க நெருங்கக் கெடு சுருங்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் 48 மணி நேரம் தாராளமாகக் கொடுக்கலாம். கடைசி வாரத்தில் 24. கடைசி இரண்டு நாளில் 4 மணி நேரம், நிகழ்ச்சி அன்று மெயில் எல்லாம் வேண்டாம், போன்தான். எடுக்காவிட்டால் ஒரு செய்தி அனுப்பிவிட்டு, பத்து நிமிடம் பார்த்துவிட்டு அடுத்தவர். ராத்திரி 11 மணிக்கு 4 மணி நேரக் கெடுவோடு அழைப்பு அனுப்புவது அழைக்காததற்குச் சமம், அதனால் இரவு வந்த ரத்துகளை வைத்திருந்து காலையில் அனுப்புங்கள்.

கெடு முடிந்தது என்றால் முடிந்ததுதான். ஐந்து நிமிடம் தாமதமாக வந்தவர் கெஞ்சுவார், உங்களுக்கும் பாவமாக இருக்கும், ஆனால் அதற்குள் அடுத்தவருக்குச் செய்தி போயிருக்கும். அவரைப் பட்டியலின் கடைசிக்கு அனுப்பாமல், அடுத்த இடம் வந்தால் முதல் அழைப்பு அவருக்கு என்று ஒரு முறை மட்டும் சலுகை தரலாம். நான் தருகிறேன். இரண்டாவது தடவையும் தவறவிட்டால் இல்லை.

குழுவாகக் கேட்பவர்கள் ஒரு தனித் தலைவலி. வரிசையில் முதலில் இருப்பவருக்கு நான்கு வேண்டும், வந்திருப்பது ஒன்று. 'குறைவாகக் கிடைத்தாலும் சம்மதம்' என்று சொல்லியிருந்தால் அவருக்கே அழைப்பு, மீதி மூன்றுக்கு வரிசையில் அவருடைய இடம் அப்படியே இருக்கும். சம்மதம் இல்லை என்றிருந்தால் அவரைத் தாண்டி, எண்ணிக்கை பொருந்தும் அடுத்தவருக்குப் போங்கள். தாண்டினோம் என்பதை ஷீட்டில் குறித்து வையுங்கள், ஏனென்றால் அவர் பின்னால் கேட்பார், அப்போது உங்கள் கையில் பதில் இருக்க வேண்டும். நான்கு இடம் சேரட்டும் என்று ஒன்றிரண்டாக வருவதை யாருக்கும் தராமல் சேர்த்து வைக்காதீர்கள், அது கடைசியில் காலி நாற்காலியாகத்தான் முடியும்.

உங்கள் மாமா, ஸ்பான்சரின் மருமகன், அரங்கத்துக்காரரின் நண்பர் என்று சிபாரிசு வரும். கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் ஒதுக்கீட்டிலிருந்து கொடுங்கள், பட்டியலுக்கு வந்த இடத்திலிருந்து வேண்டாம்.

இரண்டு நாள் முன்னால்

டிக்கெட் வாங்கிய எல்லாருக்கும் ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். நேரம், வழி, வாகனம் நிறுத்தும் இடம் எல்லாம் எழுதிவிட்டு, 'வரமுடியாவிட்டால் இதை அழுத்துங்கள், காத்திருக்கும் ஒருவர் வருவார்' என்று ஒரு லிங்க். இந்த ஒரு மெயிலில்தான் எனக்கு மிச்ச நாள்கள் எல்லாவற்றையும்விட அதிகமாக இடம் திரும்பி வந்திருக்கிறது. இலவச நிகழ்ச்சி என்றால் இதைக் கட்டாயம் செய்யுங்கள், காசு கொடுக்காதவருக்கு வராமல் இருப்பது மிகவும் சுலபம்.

வாசலில்

டிக்கெட் உள்ளவர்களுக்கு ஒரு வரிசை, வர வேண்டாம் என்று சொல்லியும் டிக்கெட் இல்லாமல் வந்து காத்திருப்பவர்களுக்கு வேறொரு வரிசை, இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. பட்டியலின் பிரிண்ட் ஒருவர் கையில் இருக்கட்டும், அவர் வேறு எந்த வேலையும் பார்க்க வேண்டாம். உள்ளே எத்தனை பேர் ஸ்கேன் ஆகியிருக்கிறார்கள் என்பதை அவருக்கு அவ்வப்போது சொல்ல இன்னொருவர்.

வராதவருடைய இடத்தை எப்போது கொடுப்பது? 'நிகழ்ச்சி தொடங்கி 15 நிமிடத்துக்குள் வராவிட்டால் இடம் மற்றவருக்குத் தரப்படும்' என்று டிக்கெட்டிலேயே எழுதியிருந்தால் மட்டும் கொடுங்கள். எழுதாமல் கொடுத்துவிட்டால், போக்குவரத்தில் மாட்டி வியர்த்து விறுவிறுத்து ஓடிவரும் டிக்கெட்காரருக்கு நீங்கள் சொல்ல ஒன்றும் இருக்காது. எழுதியிருந்தாலும் நான் எல்லாவற்றையும் கொடுத்துவிடமாட்டேன், ஓரத்தில் இரண்டு மூன்று நாற்காலி கையில் வைத்திருப்பேன்.

முடிந்த பிறகு

கடைசிவரை இடம் கிடைக்காதவர்களுக்கு அன்றே ஒரு செய்தி: இந்த முறை இடம் வரவில்லை, காத்திருந்ததற்கு நன்றி. அடுத்த நிகழ்ச்சிக்கு அவர்களுக்கு ஒரு நாள் முன்னதாக டிக்கெட் திறக்க முடிந்தால் அதையும் சொல்லுங்கள், முடியாவிட்டால் சும்மா சொல்லி வைக்காதீர்கள். இனிமேல் தகவல் அனுப்பலாமா என்று தனியாகக் கேட்டு, சரி என்றவர்களை மட்டும் வேறொரு பட்டியலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

மற்றவர்களுடைய பெயரும் நம்பரும் இருக்கும் ஷீட்டை அழித்துவிடுங்கள். வாசலில் வைத்திருந்த பிரிண்டையும் கிழித்துப் போடுங்கள், தன்னார்வலர்கள் போனில் எடுத்து வைத்திருக்கும் போட்டோவைக் கேட்டு வாங்கி உங்கள் முன்னாலேயே நீக்கச் சொல்லுங்கள்.